திரும்பிப் போகிறவர்களுக்கான மரியாதை

நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவுநீரை வாங்கிக்கொண்டு, கெலவரப்பள்ளி அணைக்குள் வெள்ளை நுரையோடு இறங்குகிறது தென்பெண்ணை. அங்கிருந்து சாத்தனூர், திருக்கோவிலூர் என்று ஓடிக் கடலூர் அருகே கடலில் சேர்கிறது. இந்த ஆற்றின் மேல்பக்கம் பெங்களூர்க் கரகம். கீழ்ப்பக்கம், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், கூவாகம் கூத்தாண்டவர் திருவிழா. இரண்டும் பாரதக் கதையிலிருந்து முளைத்தவை. இரண்டிலும் ஆணாகப் பிறந்த உடல் தாலியும் வளையலும் பூவும் அணிந்து நிற்கிறது, ஊர் கைகூப்புகிறது. நடுவே இருக்கும் ஓசூர்க்காரர்களுக்கு இரண்டு விழாவும் கேள்விப்பட்டவைதான். ஆனாலும் அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் ஒரு திருநங்கை கார்க் கண்ணாடியைத் தட்டினால், அவர் எப்படிப்பட்டவர் என்ற தீர்ப்பு கண்ணாடி இறங்குவதற்குள் முடிந்துவிடுகிறது. விழாவில் அவ்வளவு தாராளமாக இருக்கும் மனம் சாலைக்கு வந்ததும் ஏன் இப்படிச் சுருங்குகிறது?

கரகத்திலிருந்து தொடங்கலாம். திகளர்பேட்டை தர்மராயசுவாமி கோயிலில் சைத்ர பௌர்ணமி இரவு கரகம் புறப்படும். கரகம் சுமக்கும் பூசாரி அன்று திரௌபதி. அவருடைய மனைவி தன் தாலியையும் வளையலையும் கழற்றி அவருக்குக் கொடுத்துவிட்டு, விழா முடியும்வரை அவர் கண்ணில் படாமல் ஒதுங்கி இருப்பார். மஞ்சள் சேலை, கை நிறைய வளையல், தலையை மூடிக் கவிந்த மல்லிகை. சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள். வழியில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்கும் கரகம் போகும். 2022-இல் அங்கே போகக் கூடாது என்று சில அமைப்புகள் குரல் எழுப்பியபோது, கோயில் தரப்பு வழக்கத்தை விட மறுத்துவிட்டது. மதத்தின் எல்லையையும் பாலின எல்லையையும் ஒரே இரவில் கடக்கும் விழா இது. அதைப் பார்க்க நிற்கும் கூட்டத்தில் ஒருவர்கூட அந்தப் பூசாரியின் ஆண்மையைச் சந்தேகிப்பதில்லை.

நம் பக்கத்துப் பாரதக் கூத்தும் இப்படித்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் கோடை வந்தால் தருமராசா கோயில் திடல்களில் கூத்து கட்டுவார்கள். பெண்வேடக்காரர் கொட்டகைக்குள் கைக்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு மீசையை மழித்து, அரிதாரம் பூசி, சவுரி வைத்துப் பின்னுவார். துகிலுரியும் காட்சியில் அவர் அழும்போது முன்வரிசைப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். சிலர் எழுந்து வந்து கற்பூரம் காட்டுவார்கள். விடிந்ததும் அவரே கைலி கட்டிக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கண்ணோரம் ஒட்டியிருக்கும் மையை யாரும் கேலி பேசுவதில்லை.

கூத்துக்காரரும் கரகப் பூசாரியும் திரும்பிப் போகிறவர்கள். எல்லையைத் தாண்டினாலும் விடிவதற்குள் பழைய இடத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள் என்ற உறுதி ஊருக்கு இருக்கிறது. அந்த உறுதி இருக்கும்வரை ஊருக்குத் தீர்ப்புச் சொல்லவேண்டிய அவசியம் வருவதில்லை. திருநங்கை திரும்பிப் போவதில்லை. அவர் மேல் பாயும் கோபத்துக்கு அடியில் இருப்பது இதுதான் என்று நினைக்கிறேன்.

இந்த இரண்டு வகையினரும் ஒரே வரிசையில் நிற்கும் இடம் கூவாகம். அதனால்தான் அந்த விழாவைக் கவனமாக எடைபோட வேண்டியிருக்கிறது. பாரதப் போரின் களப்பலிக்கு முன் மணமுடிக்க விரும்பிய அரவானுக்கு, அதாவது கூத்தாண்டவருக்கு, பெண் கொடுக்க யாரும் முன்வராதபோது கண்ணன் மோகினியாகி மாலையிட்டான் என்பது கதை. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டி, நாட்டின் பல பகுதிகளிலிருந்து வரும் திருநங்கைகள் கூத்தாண்டவர் பெயரில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். சுற்றுப்புறக் கிராமத்து ஆண்களும் வேண்டுதல் நிறைவேற அதே தாலியைக் கட்டிக்கொள்கிறார்கள். சௌரமானக் கணக்கும் சாந்திரமானக் கணக்கும் வேறு என்பதால், கரகமும் கூவாகமும் சில ஆண்டு ஒரே பௌர்ணமியில் வரும்; 2024-இல் அப்படித்தான் வந்தது. 2025-இல் ஒரு மாதம் தள்ளிப் போயிற்று.

கூவாகத்தின் முதல் பலம் அங்கே தாலி கட்டும் பூசாரியின் கை. கழுத்தை நீட்டியவருக்குத் தாலி கட்டுகிறது. அறுவை செய்துகொண்டாயா, அட்டையில் என்ன பெயர், எந்த ஊர் என்று கேட்பதில்லை. இதை அரசோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. 2019-இல் வந்த திருநர் சட்டமோ மாவட்ட ஆட்சியரின் சான்று கேட்டது. ஆண் என்றோ பெண் என்றோ பதிய வேண்டுமானால் மருத்துவச் சான்றும் கேட்டது. அரசு இவ்வளவு கேட்கும் இடத்தில், பல தலைமுறைகளாக வரும் ஒரு கிராமத்துச் சடங்கு எதையும் கேட்பதில்லை.

இரண்டாவது பலம், அது ஒரு சந்திப்பு. வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட பதினெட்டு வயதுப் பிள்ளை, தன்னைப்போல ஆயிரம் பேரை ஒரே இடத்தில் பார்ப்பது சாதாரண விஷயமில்லை. எந்த ஊரில் வீடு கிடைக்கும், எந்த மருத்துவர் ஒழுங்காகப் பேசுவார், நலவாரிய அட்டைக்கு யாரைப் பார்ப்பது என்பதெல்லாம் அங்கேதான் கைமாறுகிறது. தமிழ்நாட்டில் 2008-இல் திருநங்கையர் நலவாரியம் அமைந்ததற்குப் பின்னால் செயற்பாட்டாளர்களின் நீண்ட உழைப்பு இருக்கிறது. இவர்கள் ஒரு பெரும் கூட்டம் என்பதை ஊடகங்களும் அரசும் ஆண்டுதோறும் கண்ணால் பார்த்த இடமோ கூவாகம்.

குறைகளும் அங்கேயே இருக்கின்றன. மறுநாள் அரவான் பலியானதும் அழுகளத்தில் தாலி அறுக்கப்படுகிறது, வளையல் உடைக்கப்படுகிறது, வெள்ளைச் சேலை வருகிறது. மரபுக்குள் இதற்கு ஆழமான பொருள் உண்டு. ஒப்பாரி வைப்பவர்கள் அரவானுக்காக மட்டும் அழுவதில்லை. ஆனால் பெண்ணாக ஏற்கப்படுவதற்கான விலை, ஓரிரவு மணமும் அதன்பின் கைம்மையும்தான் என்று ஒரு விழா ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருப்பது உறுத்துகிறது. கேமராக்களோ உடைபடும் வளையலுக்காகவே காத்திருக்கின்றன. விழுப்புரத்தில் நடக்கும் மிஸ் கூவாகம் போட்டியும் அழகு, நடை, உடை ஆகியவற்றையே செய்தியாக்குகிறது. இரவில் வேறு நோக்கத்தோடு வந்து சீண்டும் ஆண்கள் தனிக்கூட்டம். அவர்களுக்கு அது சகிப்பின் திருவிழா இல்லை, கட்டுப்பாடு தளர்ந்த இரவு.

அவசரத் தீர்ப்பு வெளியாரின் குணம் மட்டுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். திருநங்கைகளின் ஜமாத் அமைப்பில் சேராதவரை, ‘நிர்வாணம்’ எனப்படும் அறுவையைச் செய்துகொள்ளாதவரை, சேலை கட்டாதவரை உள்ளேயும் தரம் பிரிக்கிறார்கள். திருநம்பிகளுக்குக் கூத்தாண்டவர் கதையில் இடமே இல்லை. 2008 முதல் பெங்களூரில் நடக்கும் பிரைடு பேரணியில் வானவில் கொடி பிடிக்கும் இளைஞர் சிலருக்குக் கூவாகம் மூடநம்பிக்கை. கூவாகத்துக்குப் போகிறவர்களில் சிலருக்குப் பேரணி இங்கிலீஷ்காரர்களின் கேளிக்கை. சகிப்பைக் கொண்டாடும் இடங்களிலும் பார்த்தவுடன் முடிவுகட்டும் பழக்கம் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இனி ஓசூருக்கு வருவோம். இது அந்நியர்களின் ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது, இப்போது ஆலை வேலைக்கு வந்தவர்களின் இந்தி. டிஎன் 70 எண்பலகை கேஏ 51-ஐ ஒரு மாதிரி பார்க்கும். அதுவும் இதை ஒரு மாதிரி பார்க்கும். யாரையும் விசாரித்து அறிய நேரமில்லாத தொழில்நகரத்தில் ஆளைப் பார்த்தவுடன் வகைப்படுத்துவது பிழைப்புத் தந்திரமாகிவிடுகிறது. வாடகை வீட்டுக் கேட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். வீட்டுக்காரர் கதவைப் பாதி திறந்து, ‘ஃபேமிலியா?’ என்று ஒரே கேள்வி கேட்பார். கல்யாணமாகாத வடமாநில இளைஞனுக்குக்கூடக் கொஞ்சம் பேரம் பேச இடம் கிடைக்கும். திருநங்கைக்கு அந்தக் கேள்விகூட வராது. ‘வீடு விட்டாச்சும்மா’ என்று பதில் முதலில் வந்துவிடும். வீடு இல்லையென்றால் முகவரி இல்லை, முகவரி இல்லையென்றால் ஆலை வேலை இல்லை, விடுதியிலும் ஆண், பெண் என்று இரண்டே கட்டடம். மிச்சமிருப்பது கடை கடையாகக் காசு கேட்பது, இல்லையென்றால் சுங்கச்சாவடி. பிறகு, ‘இவங்க ஏன் உழைக்க மாட்டேங்கறாங்க?’ என்று அதே வீட்டுக்காரர் காரில் உட்கார்ந்து கேட்பார். அவருக்கு எரிச்சல் வரக் காரணமே இல்லை என்று சொல்ல வரவில்லை. வழிமறித்துக் காசு கேட்டால் யாருக்கும் எரிச்சல் வரும். ஒருவரின் செயலால் வந்த எரிச்சலை ஓர் இனத்தின் குணமாக மாற்றிக்கொள்வதுதான் பிழை.

சட்டமே அந்தப் பிழையைச் செய்ததுண்டு. 1871-ஆம் ஆண்டுக் குற்றப் பழங்குடிகள் சட்டம் அலிகளுக்குப் பதிவேடு வைக்கச் சொன்னது. அந்தச் சட்டம் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேலான பின், 2011-இல், கர்நாடகக் காவல் சட்டத்தில் 36ஏ என்ற பிரிவு நுழைந்து ஏறக்குறைய அதே பதிவேட்டைத் திரும்பக் கொண்டுவந்தது. நீதிமன்றத்தில் எதிர்த்த பிறகே சட்டத்தின் சொல் மாறியது. ஆண்டுக்கொரு முறை தாலி அணிந்த பூசாரிக்கு வழிவிட்டு நிற்கும் நகரத்தைத் தலைநகராகக் கொண்ட மாநிலம் அது.

ஒரு திருவிழா இவ்வளவையும் மாற்ற வேண்டும் என்று கேட்பது நியாயமா என்று யாரும் கேட்கலாம். நியாயமில்லைதான். விழா சட்டமன்றம் அல்ல. ஆனால் விழாவைக் காட்டி, ‘நம் பண்பாடு இவர்களை எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது’ என்று பெருமை பேசும் வாதத்தை ஒப்புக்கொள்ள முடியாது. அந்த ஏற்புக்கு நாள் குறித்திருக்கிறது, எல்லை போட்டிருக்கிறது, சாமியின் ஜாமீன் இருக்கிறது.

நாள் குறிக்காத ஏற்பு வேறு வழியில் வருகிறது. ஓசூர் அடங்கிய கிருஷ்ணகிரி 2004 வரை சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில் 2017-இல் திருநங்கை பிரித்திகா யாஷினி காவல் உதவி ஆய்வாளராகப் பொறுப்பேற்றார். விண்ணப்பத்தில் அவருக்கான கட்டமே இல்லாத தேர்வை நீதிமன்றம் வரை போய் வென்றவர். புகாரோடு நிலையத்துக்கு வருகிறவருக்கு அவர் முதலில் உதவி ஆய்வாளர், மற்றதெல்லாம் பிறகு. நகை திருடுபோனவர் அதிகாரியின் பாலினத்தை ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டார். தினசரிப் பழக்கத்தில் ஒருவரிடம் வேலை ஆகவேண்டியிருக்கும்போது அவசரத் தீர்ப்பு தானாகவே பின்வாங்குகிறது.

கூவாகத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. தாலி கட்டும் பூசாரி, சடங்குக்குத் தேவையானதை மட்டும் பார்க்கிறார். வீட்டுக்காரர் வாடகையையும் முன்பணத்தையும் கேட்கட்டும். ஆலை, வேலை தெரியுமா என்று கேட்கட்டும். நடத்துநர் டிக்கெட்டைக் கேட்கட்டும். அதற்கு மேல் கேட்க யாருக்கும் எதுவும் இல்லை. ஓசூரில் ஒரு திருநங்கை பதினொரு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, அது முடிந்ததும் தகராறின்றிப் புதுப்பித்துக்கொள்ள முடிகிறதா என்பதை வைத்துத்தான் நம் சகிப்பை அளக்க வேண்டும். கரகத்துக்கு எத்தனை லட்சம் பேர் கூடினார்கள் என்பது அதற்குக் கணக்காகாது.