தெருவில் நின்ற சிற்பம்

மரச்சிற்பம் என்றால் எங்களுக்கு நினைவில் வருவது கோயில் வாகனங்கள்தான். அங்கே மரம் முற்றாகக் குதிரையாகவோ யாளியாகவோ மாறிவிடுகிறது. மேலே பூசிய வர்ணம் அதன் ரேகையையும் மறைத்துவிடுகிறது.

மொன்றியலில் 1953இல் இதற்கு நேரெதிரான ஒன்று தொடங்கியது. நுண்கலைக் கல்லூரி மாணவராயிருந்த ஆர்மொன் வையங்கூர், டுறோஷே வீதியில் நின்ற ஒரு எல்ம் மரத்தை நின்ற நிலையிலேயே செதுக்கினார். வேலை 1955வரை நீண்டது. தெருவே பட்டறை, போவோர் வருவோரே பார்வையாளர். அழைப்பிதழும் இல்லை, நுழைவுச்சீட்டும் இல்லை. மரத்தை அவர் வேறொன்றாக்கவில்லை. எவ்வளவு செதுக்கியும் அது மரமாகவே நிற்கிறது. படைப்பின் பலம் இதுவென்றே நினைக்கிறேன்.

இன்று அது கியூபெக் நகரத்தில், தேசிய நுண்கலை அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

வேர் இழந்த மரத்தைக் கண்டால் 'அது நாங்கள்தான்' என்று எழுதிவிடுவது எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. இங்கே அது பொருந்தாது. இந்த மரம் பேணப்பட்டது. யுத்தகாலத்தில் பங்கருக்காகத் தறிக்கப்பட்ட எங்கள் பனைகளை எவரும் பேணவில்லை. அருங்காட்சியகம் மரத்தைக் காத்தது. தெருவைக் காக்க அதனால் முடியவில்லை. செதுக்குவதை நின்று பார்த்த கண்கள் இல்லாமல் அந்தப் படைப்பு பாதிதான்.

டுறோஷே என்ற பெயரில் ஒரு தெரு, தமிழர் பலர் குடியேறிய பார்க் எக்ஸ்டென்ஷனிலும் உண்டு. நாங்களோ எங்கள் கலைகளை வாடகை மண்டபங்களுக்குள், எங்களுக்குள்ளேயே காட்டிக்கொள்கிறோம். அயலவர் கண்முன்னே, பிழைவிடவும் துணிந்து உளி பிடித்த அந்த மாணவன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.