துக்ளக் நாடகத்தில் நகை பிறக்கும் இடம்

சோ எழுதிய "முகம்மது பின் துக்ளக்" நாடகத்தின் பெயரை எடுத்தவுடன் பலரும் சொல்லிச் சிரிப்பது ஒரு காட்சியைத்தான். புதிதாகப் பிரதமரான துக்ளக்கின்முன், கட்சி மாறி வந்த உறுப்பினர்கள் பதவி கேட்டு நிற்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவர் முகம் சுளிப்பார். துக்ளக் தயங்கவில்லை. வந்தவர் அனைவரையும் துணைப் பிரதமர்களாக்கி அனுப்பிவிடுகிறார். 1968 இல் மேடையேறி 1971 இல் திரைப்படமாகவும் வந்த இந்நாடகம், அரை நூற்றாண்டு கடந்த பின்னும் நினைக்கப்படுவது பெரும்பாலும் இந்த வேடிக்கைக்காகவே. வேடிக்கை நல்ல வேடிக்கைதான். ஆயினும் நாடகத்தின் உயிர்நிலை அங்கே இல்லை என்பது கூர்ந்து படிப்பவர்க்குப் புலனாகும்.

கதையைச் சுருங்கச் சொல்லிவிடலாம். பதினான்காம் நூற்றாண்டில் தில்லியை ஆண்ட சுல்தான் முகம்மது பின் துக்ளக்கும், அவருடைய அவையில் இருந்த யாத்திரிகர் இபின் பதூதாவும் கல்லறையிலிருந்து உயிரோடு எழுந்து வந்துவிட்டதாக நாடு நம்புகிறது. துக்ளக் தேர்தலில் நிற்கிறார், வெல்கிறார், பிரதமராகிறார். மொழிச் சண்டை வந்தபோது ஒரு சாராரும் மற்றவரைப் பார்த்துப் பொறாமைப்பட இடமின்றிப் பாரசீகத்தையே ஆட்சிமொழியாக்குகிறார். இவ்விருவரும் உண்மையில் நம் காலத்து மனிதர்கள். அரசியலின் போலித்தனத்தை மக்களுக்குக் காட்டிவிட்டு, தக்க நேரத்தில் வேடத்தைக் கலைத்துவிடுவது என்ற உடன்படிக்கையோடு வந்தவர்கள். நேரம் வந்தபோது துக்ளக் மறுத்துவிடுகிறார். நாற்காலி இனித்துப் போயிற்று. பதூதா மக்கள்முன் உண்மையைச் சொல்ல முற்படுகிறார். மக்கள் துக்ளக்கை நம்புகிறார்கள். பதூதா துரோகி என்று பெயர் வாங்கி, யாருக்காக வேடமிட்டாரோ அவர்கள் கையாலேயே மாள்கிறார்.

இந்நாடகம் எழுந்த காலத்தை அறிந்தால்தான் அதன் எள்ளல் எத்தனை கூர்மையானது என்பது விளங்கும். 1967 தேர்தலில் காங்கிரசுக் கட்சி இந்தியாவின் பல மாநிலங்களில் ஆட்சியை இழந்தது. சென்னையில் அறிஞர் அண்ணா முதலமைச்சரானார். வடக்கே ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் சில நாட்களுக்குள் மாறி மாறிக் கட்சி தாவ, "ஆயா ராம், கயா ராம்" என்ற தொடர் நாடெங்கும் வழங்கலாயிற்று. தில்லியில் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் மொரார்ஜி தேசாய் துணைப் பிரதமரானார். 1950 இல் சர்தார் படேல் மறைந்த பின் ஆளின்றிக் கிடந்த பதவி அது. அடுத்த ஆண்டே மேடையில் அப்பதவி கொத்துக் கொத்தாக வழங்கப்பட்டால் அரங்கம் சிரியாமல் என்ன செய்யும்? பாரசீகம் பற்றிய வேடிக்கையும் இத்தகையதே. 1965 இல் இந்தி எதிர்ப்புப் போராட்டம் தமிழகத்தைக் குலுக்கியிருந்தது. 1968 சனவரியில் சென்னைச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையைத் தீர்மானமாக்கியது. அந்த வெப்பத்தின் நடுவே ஒருவர் வந்து இரண்டும் வேண்டாம், பாரசீகம் இருக்கட்டும் என்கிறார். நகைக்கிறோம். ஆனால் பாரசீகம் இந்தியாவுக்கு அயலான கற்பனை அன்று. கும்பினியார் 1837 இல் மாற்றும்வரை அரசாங்க அலுவல் அம்மொழியில்தான் நடந்தது. விளையாட்டாகச் சொன்ன தீர்ப்புக்குள் சரித்திரம் ஒளிந்திருக்கிறது.

மலேசியத் தமிழ் வாசகர்க்கு இவற்றை விளக்க விரிவுரை வேண்டியதில்லை. 2018 மே மாதத்திலிருந்து 2022 நவம்பர் வரை இந்நாட்டில் நான்கு பிரதமர்கள் பதவியேற்றனர். நடுவில் 2020 மார்ச்சில் பதவியேற்றவர் ஜோகூர் பாகோ தொகுதியின் உறுப்பினர். அவர் துணைப் பிரதமர் எவரையும் முதலில் அமர்த்தாமல் மூத்த அமைச்சர்கள் நால்வரை அமர்த்தினார். 2022 இறுதியில் வந்த அரசில் துணைப் பிரதமர்கள் இருவர். கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டத் திருத்தம் அதே ஆண்டு அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அத்தகைய சட்டம் வர 1985 ஆயிற்று. சோவின் வேடிக்கை மூப்படையாமல் இருப்பதற்கு அவருடைய திறமை பாதிக் காரணம் என்றால், மற்றப் பாதியை அரசியல்வாதிகளே மனமுவந்து வழங்கியிருக்கிறார்கள்.

இனி நகையின் பிறப்பிடத்துக்கு வருவோம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகைக்கு நான்கு நிலைக்களன்கள் கூறுவது ஆசிரியப் பெருமக்கள் அறிந்ததே: எள்ளல், இளமை, பேதைமை, மடன். இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் வேறுபாடு என்ன என்பது மாணாக்கர் தவறாமல் கேட்கும் கேள்வி. பேதைமை அறிவின்மை. கேட்டதைச் சீர்தூக்காமல் மெய்யென்று கொள்வதும், கொண்டதை விடாமல் பற்றுவதும் மடன் என்று உரைவழக்கில் விளக்கம் உண்டு. வகுப்பில் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைபவர்க்கு இந்நாடகத்தைவிட நல்லது எளிதில் கிட்டாது. துக்ளக்கின் ஆணைகளில் இருப்பது எள்ளல். பதவிக்கு வாய் பிளக்கும் உறுப்பினர்களிடம் இருப்பது பேதைமை. இவ்விரண்டையும் கண்டு அரங்கம் தாராளமாகச் சிரிக்கிறது, ஏனெனில் சிரிப்புக்கு ஆளாகிறவர் வேறு யாரோ. நாடகாசிரியர் மெல்ல மெல்ல நகையின் களத்தை மாற்றிக்கொண்டே போகிறார். இறுதிக் காட்சியில் எஞ்சுவது மடன் ஒன்றே. அது மக்களுடையது, அதாவது நுழைவுச் சீட்டு வாங்கி வந்து உட்கார்ந்திருப்பவர்களுடையது. சிரித்துக்கொண்டே வந்தவர்கள் திடீரென்று தாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க நேர்கிறது.

அந்த மடன் எத்தகையது என்பதைச் சிறிது சரித்திரம் படித்தவர் இன்னும் நன்றாக அறிவார். மெய்யான இபின் பதூதா மொராக்கோ நாட்டினர். தில்லியில் ஏறத்தாழ எட்டு ஆண்டு வாழ்ந்து, சுல்தானுடைய தூதராகச் சீனத்துக்குப் புறப்பட்டு, வழியில் சுமாத்திராவின் சமுத்ரா அரசிலும் தங்கி, கடைசியில் தாய்நாடு திரும்பி அங்கேயே இறந்தார். அவர் சுல்தானோடு ஒரே கல்லறையில் கிடந்து எழுந்து வருவதற்கு வழியே இல்லை. பள்ளிக்கூடச் சரித்திர ஆசிரியர் ஒருவர் எழுந்து இதைக் கேட்டிருந்தால் வேடம் முதற்காட்சியிலேயே கலைந்திருக்கும். நாடகத்துக்குள் ஒருவரும் கேட்கவில்லை. அரங்கத்திலும் ஒருவரும் கேட்டதாகத் தோன்றவில்லை. நாடகாசிரியர் இதை எண்ணியே அமைத்தாரா என்பது வேண்டாத ஆராய்ச்சி. அமைந்திருக்கிறது, அது போதும்.

கன்னடத்தில் கிரீஷ் கர்னாட் 1964 இல் எழுதிய "துக்ளக்" நாடகத்தோடு இதை ஒப்பிட்டு, சோவினுடையதைக் கேலிக்கூத்து என்று தள்ளுவோர் உண்டு. கர்னாடின் துக்ளக் கனவு காண்பவர், படித்தவர், தம் கனவே தம்மை நெரிக்கக் காண்பவர். சோவின் துக்ளக்குக்கு உள்மனம் என்று ஒன்று காட்டப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் ஒரு செய்தி நோக்கத்தக்கது. கர்னாடின் நாடகத்திலும் ஆள்மாறாட்டக்காரன் ஒருவன் இருக்கிறான். அஜீஸ் என்ற சலவைத் தொழிலாளி, வரவிருந்த பெரியவர் ஒருவரைக் கொன்று அவர் வேடத்தில் அரசனிடமே வருகிறான். உண்மை தெரிந்த பின்னும் பதவி பெறுகிறான். இரண்டு மொழிகளில், நான்கு ஆண்டு இடைவெளியில், இரண்டு நாடகாசிரியர்களும் துக்ளக்கின் பெயரைத் தொட்டவுடன் வேடதாரியைத் தேடிப் போனது வியப்புக்குரியது. கர்னாடிடம் வேடதாரியை ஏற்பவன் அரசன். சோவிடம் ஏற்பவர்கள் மக்கள். வாக்குச் சீட்டு வந்துவிட்ட காலத்துக்கு இரண்டாவதே பொருந்துவது.

குறை இல்லாமலில்லை. சோவின் நாடகங்கள் உரையாடலால் நடப்பவை. பாத்திரங்கள் பேசுவார்கள், மடக்குவார்கள், மேலும் பேசுவார்கள். ஆட்சி மாறும்போது ஒரு தலைநகரம் எப்படி இருக்கும் என்று கேட்டால் நாடகத்தில் விடை இல்லை. தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்க்கு இக்குறை உடனே தெரியும். வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலத்தில், பெரிய துரை மாற்றலாகிறார் என்ற செய்தி வந்தால் போதும். கிராணிக்குப் பழைய துரையின் குறைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். லயத்துச் சுவர்களுக்கு வெள்ளையடிக்க ஆள் வருவான். பெரட்டுக் களத்தில் மண்டோரின் குரல் அரைச் சுருதி இறங்கும். புதிய துரை கோபக்காரரா, நாய் வளர்ப்பவரா, அவர் வீட்டுச் சமையற்காரன் எந்த ஊரான் என்பதெல்லாம் அவர் வந்து இறங்குவதற்கு முன்பே லயத்தில் பேசி முடிந்திருக்கும். பால்மரம் வெட்டுகிற கிழவி மட்டும், எந்தத் துரை வந்தாலும் மழை நாளில் கூலி உண்டா என்று கேட்பாள். இந்தக் கிழவிக்குச் சோவின் தில்லியில் இடமில்லை. அமைச்சர் வீட்டுக் காவலாளி, அலுவலக எழுத்தர், சுவரில் இருக்கும் படத்தைக் கழற்றி வேறு படம் மாட்டுகிற பணியாள், இவர்களில் ஒருவருடைய நாவிலிருந்து நான்கு வார்த்தை வந்திருந்தால் இறுதிக் காட்சியின் கூட்டம் முகமுள்ள கூட்டமாகியிருக்கும்.

இத்தகைய கண்ணுக்குத் தமிழில் முன்னோடி உண்டு. பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரான புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, கவர்னர்கள் மாறிய காலங்களைக் கண்டவர். 1754 இல் தூப்ளே பதவியிழந்து கப்பலேறியதும் அவர் வாழ்நாளில்தான். எந்தக் கப்பல் வந்தது, எத்தனை பீரங்கி முழங்கிற்று, யார் யாரிடம் என்ன சொன்னார் என்று அவர் எண்ணி எண்ணி எழுதுவதைப் படிக்கும்போது, அதிகாரத்தின் ஆடம்பரம் தானாகவே நகைப்புக்கு இடமாகிறது. அவர் சிரிக்க வைக்க முயன்றாரில்லை.

நாடகத்துப் பாத்திரம் ஒன்றுக்குப் பெயர் தந்த இபின் பதூதாவின் பயண நூலிலேயே அக்கண் இருக்கிறது. 1327 இல் துக்ளக் தலைநகரைத் தில்லியிலிருந்து தெற்கே தௌலதாபாத்துக்கு மாற்றினார். பதூதா வந்தது அதற்குச் சில ஆண்டுகள் பின்னர். ஆகவே அவர் எழுதுவது ஊரார் வாய்க் கேள்வி. தில்லி மக்கள் சுல்தானை வைது கடிதம் எழுதி இரவில் அரண்மனைக்குள் எறிவார்களாம். சினங்கொண்ட சுல்தான் எல்லாரையும் வெளியேறச் சொன்னாராம். தேடியபோது எஞ்சியவர் இருவர்: ஒருவர் முடவர், ஒருவர் குருடர். முடவரைக் கல்லெறி பொறியில் வைத்து வீசினார்கள். குருடரைத் தௌலதாபாத் வரை இழுத்துச் சென்றார்கள். போய்ச் சேர்ந்தது ஒரு கால் மட்டுமே. பிறகு ஓர் இரவு சுல்தான் மாடத்தில் ஏறி, புகையும் விளக்கும் இல்லாத நகரைப் பார்த்து, இப்போதுதான் மனம் அமைதியாயிற்று என்றாராம். நகர் முழுவதும் காலியாகவில்லை, அரண்மனையைச் சார்ந்தவர்களும் பெரியோருமே பெரும்பாலும் பெயர்க்கப்பட்டனர் என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அது சரித்திரம். பதூதா பதிவு செய்தது தில்லித் தெருக்களின் கசந்த நகை. தலைநகரம் பெயர்ந்த நாட்களைப் பற்றிச் சாமானியர் தமக்குள் சொல்லிக்கொண்ட கதை அது. துணைப் பிரதமர்கள் காட்சியை அந்த ஒற்றைக் காலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதன் சிரிப்பு எவ்வளவு பாதுகாப்பானது என்பது தெரியும்.

ஆனால் இறுதிக் காட்சி அப்படியன்று. பள்ளி விழாக்களுக்கும் பொங்கல் கலை நிகழ்ச்சிகளுக்கும் இந்நாடகத்தைச் சுருக்கி நடிக்க நினைப்பவர்கள் பதவி வழங்கும் காட்சியையும் பாரசீகக் காட்சியையும் எடுத்துக்கொண்டு, முடிவு துன்பமாக இருக்கிறதென்று வெட்டிவிட எண்ணக்கூடும். அவ்வாறு வெட்டினால் எஞ்சுவது துணுக்குத் தோரணம். முடிவை வைத்துக்கொண்டு முற்பகுதியில் இரண்டு வேடிக்கைகளைக் குறைப்பதே தக்கது. கூட்டமாக நடிக்கும் மாணாக்கர் ஒவ்வொருவருக்கும் ஒரு தொழிலும் ஒரு பெயரும் கொடுத்து நிறுத்துவது மேலும் நல்லது.

மெய்யான பதூதாவும் ஒருமுறை சுல்தானின் ஐயத்துக்கு ஆளானார். சுல்தானுக்கு ஆகாத பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்ததற்காகச் சில நாட்கள் காவலில் வைக்கப்பட்டார். உயிர் பிழைத்தார், தூதுப் பயணம் கிடைத்தவுடன் புறப்பட்டுவிட்டார். தில்லியில் கண்டதையும் கேட்டதையும் அவர் வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்த நூல் நிறைவு பெற்றது 1355 இல், மொராக்கோவின் பெஸ் நகரத்தில். சுல்தான் இறந்து அப்போது நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாடகத்துப் பதூதா அதே தலைநகரில், அதே பிரதமர் எதிரில் நிற்க, மேடையேறிச் சொன்னார்.