சிவசமவாதமும் சிவஞான யோகிகள் மறுப்பும்

சிவஞானசித்தியார் சுபக்கத்திற்கு உரைகண்டார் பலருள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவரைப் போல மறுக்கப்பட்டார் பிறரிலர். 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறைச் சிவஞான யோகிகள் அவ்வுரையைக் குறித்துச் சிவசமவாதவுரை மறுப்பு என ஒரு நூல் இயற்றினர். ஒரு சொல்லின் பொருளை நிலைநாட்டற்கு 'எடுத்தென்னுஞ் சொற்கிட்ட வைரக்குப்பாயம்' என மற்றுமொன்றும் இயற்றினர். அன்று தொட்டு ஞானப்பிரகாசர் உரையைக் கற்பார் அருகி, அவர் மறுக்கப்பட்டார் என்பதொன்றே அறிவார் பெருகினர். மறுப்பைப் படித்து மறுக்கப்பட்டதைப் படியாதொழிதல் நம்மவர்க்குப் பழைய வழக்கமன்றோ!

வழக்கின் உயிர்நிலை யாதெனின், முத்தியில் உயிரறிவு எவ்வாற்றான் விளங்குகின்றது என்பதேயாம். முற்றறிவும் முற்றுத்தொழிலும் உயிர்க்கு இயல்பாகவே உள்ளன. அவை அநாதியே மலத்தான் மறைப்புண்டு கிடக்கின்றன. மலம் நீங்கியவழித் தாமே வெளிப்பட, உயிர் சிவத்தோடு ஒப்பதாம் என்பது சமவாதம். உயிர்க்கு அறிவு உண்டேனும் அஃது அறிவிக்க அறிவதே. மலம் நீங்கிய பின்னரும் திருவருள் காட்டவே காணும் என்பது யோகிகள் துணிபு. குடத்துள் இட்ட விளக்குக் குடம் நீங்கியவழித் தானே ஒளிரும். படலம் உரிக்கப்பட்ட கண்ணோ, ஞாயிறு இல்வழி யாதொன்றுங் காணாது. உயிர் விளக்குப் போல்வதோ, கண் போல்வதோ என்பதே ஈண்டுள்ள வினா.

மெய்கண்டார் கருத்து இதனுள் யாண்டையது என்பதில் ஐயமில்லை. 13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூரில் விளங்கிய அப்பெரியார், 12 சூத்திரமும் 40 அடியுமாய் அமைந்த சிறு நூலுள் இப்பொருளை மும்முறை எடுத்தோதுகின்றார். பொறிகள் உயிரால் அறிந்தும் உயிரை அறியாமை போல, உயிரும் இறைவனால் அறிந்தும் அவனை அறியாது நிற்கும் என்பது ஐந்தாஞ் சூத்திரம். உயிர் சத்துமன்று, அசத்துமன்று. இரண்டனையும் அறிவதாய் இரண்டின் வேறாயது என்பது ஏழாவது. கண்ணுக்குக் காட்டி உடன்காணும் உயிர்போல, உயிர்க்குக் காட்டி உடன்காண்பவன் இறைவன் என்பது பதினொன்றாவது. இதன்கண் பேசப்படுவது முத்திநிலை என்பதை மறவற்க. கட்டுநிலையில் மட்டுமன்றி வீட்டுநிலையிலும் உயிர் காட்டக் காண்பதேயென ஆசிரியர் வரையறுத்துவிட்டார். ஆகலின் அருணந்தி சிவாசாரியார் வாக்கிற்குச் சமவாதப்பொருள் கூறுதல் அவர்தம் ஆசிரியர் நூலோடு முரணும் என்ற யோகிகள் கூற்று வலியுடையதே.

அற்றேல், ஞானப்பிரகாசர் இக்கொள்கையை யாண்டுப் பெற்றார்? தம் மதியாற் புனைந்தார் எனச் சிலர் எளிதிற் கூறியமைவர். அது பொருந்தாது. பௌஷ்கர ஆகமத்திற்கு வடமொழியில் விருத்தி வரைந்த அவர், ஆகமவுரைகளிலே தோய்ந்தவர். அவ்வுரைகளின் மரபு மெய்கண்டாருக்குப் பன்னூறாண்டு முற்பட்ட சத்தியோசோதி சிவாசாரியரிடம் சென்று சேர்கின்றது. அவரியற்றிய பரமோட்ச நிராச காரிகை, முத்தியைப் பற்றிய பிறர் கொள்கைகளை ஒவ்வொன்றாக மறுத்து, சிவத்தோடொப்ப உயிர்க்கு இயல்பாயுள்ள ஆற்றல் வெளிப்படுதலே முத்தியென நாட்டுவது. புதிதாகத் தோன்றும் என்பாரையும், சிவத்தினின்று வந்து பற்றும் என்பாரையும் அது மறுக்கின்றது. காச்மீரத்து இராமகண்டர் அதற்கு உரைவகுத்தனர். அவ்வுரையோடு அந்நூல் 2013இல் புதுவையினின்றும் ஆராய்ச்சிப் பதிப்பாக வெளிவந்துளது. 12ஆம் நூற்றாண்டில் தமிழகத்தே வாழ்ந்த அகோரசிவாசாரியாரும் இம்மரபினரே. ஆகவே சமவாதம் யாழ்ப்பாணத்தார் ஒருவர் இட்டுக்கட்டியதன்று. மெய்கண்ட நூல் தோன்றுமுன்னரே சைவ சித்தாந்தம் எனப் பெயர்பெற்று வழங்கியதொரு கொள்கையாம்.

இதற்குச் சான்று நம் சாத்திரங்களுள்ளேயே உளது. சகம் 1235, அஃதாவது கி.பி. 1313இல் உமாபதி சிவாசாரியார் அருளிய சங்கற்ப நிராகரணத்துள் சிவசமவாதியும் சங்கிராந்தவாதியும் வைத்து மறுக்கப்படுகின்றனர். சங்கிராந்தவாதத்தைச் சத்தியோசோதியாரும் மறுத்தார். அவரது மரபோ இங்குத் தானும் மறுக்கப்படும் நிரலில் நிற்கின்றது! பண்டு மறுத்தவர் பின்பு மறுக்கப்படுதல் தத்துவ வரலாற்றிற்குப் புதிதன்று. எனினும் மாபாடியத்துள் யோகிகள் இவரையெல்லாம் அகச்சமயத்தாருள் வைத்தெண்ணினமை நோக்கத்தக்கது. வேலிக்குப் புறத்தே தள்ளினாரல்லர்.

இருவர்க்கும் பொதுவாயதொரு பிழை உண்டு என்பது எம் கருத்து. ஆகமமும் மெய்கண்ட நூலும் எழுத்தெண்ணி ஒன்றே என்பதை இருவரும் ஐயமின்றிக் கொண்டனர். சிவஞானபோதம் இரௌரவ ஆகமத்தின் ஒரு பகுதி என்னும் பழங்கொள்கையே அதற்கு வேர். ஆனால் 1961 முதல் புதுவையில் அச்சான இரௌரவப் பதிப்பில் அப்பன்னிரு சூத்திரங்களும் காணப்படவில்லை. ஒன்றே என்று கொண்டமையால் ஞானப்பிரகாசர் ஆகமப்பொருளை அருணந்தியார் வாயில் வைத்தார். யோகிகளோ மெய்கண்டார் கருத்தை ஆகமங்கள் அனைத்திற்கும் உரியதாக்கினர். மாபாடியம் 20ஆம் நூற்றாண்டில் முழுதும் அச்சேறிய பின், யோகிகள் கொள்கையே சித்தாந்தம் முழுவதும் எனக் கொள்ளும் வழக்கும் வேரூன்றியது. அதனால் மெய்கண்டார் செய்த புதுமை யாதென்பதே மறைந்துபோயிற்று. தொன்மையை நாட்டப் புகுந்து தனிச்சிறப்பை இழத்தல் ஊதியமாகுமோ?

அப்புதுமைதான் யாது? பதினொன்றாஞ் சூத்திரம் காட்டிக் காணும் உதவியைக் கூறியவுடன், அதனையே ஏதுவாக வைத்து, அயர்வில்லாத அன்பினால் உயிர் அரனடியிற் செல்லும் என முடிக்கின்றது. அன்பு அங்கே முத்திக்குச் சாதனமாக நின்றொழியாமல் முத்தியின் உள்ளேயே வைக்கப்பட்டது. பெறுவானும் தருவானும் உள்ளவழியன்றி அன்பிற்கு இடமில்லை. சமவாதத்திலோ பெற வேண்டுவது ஒன்றும் எஞ்சவில்லை; ஒத்த பேரறிவினர் இருவருள் ஒருவர் மற்றவர்க்குக் கடப்பாடுடையர் ஆதல் எங்ஙனம்? அருளாளர்தம் திருமுறைகளைக் கேட்டு வளர்ந்த நாட்டில், 'ஒப்பாயினேன்' என்னும் முத்தியினும் 'இன்னுங் கடவேன்' என்னும் முத்தியே பொருந்துவதாயிற்று. இனி, மலங்கழுவிய ஞானி அடியாரோடு கூடி, அவர் வேடத்தையும் ஆலயத்தையும் அரனெனத் தொழுவான் எனப் பன்னிரண்டாஞ் சூத்திரம் விதிக்கின்றது. சிவத்தோடு ஒத்துவிட்டான் ஒருவன் கோயில் வாயிலில் நின்று கைகூப்புவது எதன்பொருட்டு என்பதைச் சமவாதிகளே விளக்கக் கடவர்.