மூச்சு வாங்க வரும் தோமான்

தண்ணீருக்குள்ளேயே வாழ்ந்தாலும், தண்ணீரை மட்டும் நம்பி உயிர் வாழ முடியாத மீன் தோமான். செவுள் உண்டு, ஆனால் அது போதாது. செவுளுக்கு மேலே, மண்டையோட்டை ஒட்டி, காற்றை வாங்கி வைக்கும் சிறிய அறை ஒன்று இருக்கிறது. வளர்ந்த தோமானை மேலே வரவிடாமல் தண்ணீருக்கடியில் அடைத்து வைத்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். நம் அல்லூர்களில், அதாவது வடிகால் வாய்க்கால்களில், கிடக்கும் விராலுக்கும் இதே உடம்புதான். மலாய்க்காரர்கள் ஹாருவான் என்று சொல்லும் அந்த விராலின் இனத்தில் ஆகப் பெரியவற்றுள் ஒன்று தோமான். ஒரு மீட்டருக்கு மேல் நீளும், இருபது கிலோ வரை எடை போடும். முதுகு கருநீலம், பக்கவாட்டில் ஊதாவும் பச்சையும் கலந்த ஒரு மினுமினுப்பு, வாய்க்குள் நாய்ப்பல் வரிசை.

எத்தனை பலசாலியாக இருந்தாலும் அது மேலே வந்துதான் ஆக வேண்டும். தோமான் பிடிக்கும் வித்தை முழுவதும் இந்த ஒன்றின் மேல்தான் நிற்கிறது. தமிழர்கள் விளையாடும் தூண்டில் விளையாட்டுகளில் இதைவிட நுட்பமான இன்னொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அதைப் பார்க்க வேண்டிய இடம் மலேசியாவின் திரங்கானுவில் இருக்கும் கென்யிர் ஏரி. மலாக்காவில் நாங்கள் இருக்கும் புக்கிட் ரம்பாயிலிருந்து நல்ல தூரம். வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்த தொழிற்பேட்டைப் பையன்களும், செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் மாமன்களும் ஒரே காரில் ராட்டுகளை, அதாவது தூண்டில் கழிகளை, செருகிக்கொண்டு கிளம்புவார்கள். கோலாலம்பூரைக் கடந்து, கிழக்குக் கரை நெடுஞ்சாலையில் ஏறி, விடியும் நேரத்தில் கோல பெராங் தாண்டி பெங்காலான் காவி ஜெட்டியில் நிற்பார்கள். 1985-இல் கட்டி முடித்த 155 மீட்டர் உயர அணை தேக்கி வைத்த தண்ணீர் அது. பரப்பு ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர். தீபகற்ப மலேசியாவில் இதைவிடப் பெரிய செயற்கை ஏரி கிடையாது. அங்கே இருக்கும் 340 தீவுகளும் ஒரு காலத்தில் குன்றுகளின் உச்சிகள். மூழ்கிய காட்டு மரங்கள் இன்னும் மொட்டையாகத் தண்ணீரில் நிற்கின்றன. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகிழக்குப் பருவமழை ஏரியை நிரப்பிவிடும். அதற்குப் பிறகு வெயில் ஏற ஏற நீர் இறங்கும், கலங்கல் தெளியும். ஜூன், ஜூலை மாதங்களில் தோமானுக்கென்றே ஆட்கள் போகிறார்கள்.

வெயிலில் பெரிய ஏரியில் மீன் பிடிப்பதென்றால் உலகம் முழுக்கப் பேசப்படுவது அமெரிக்காவின் பாஸ் மீன். அதன் கணக்கு வேறு. வெயில் ஏறினால் பாஸ் ஆழத்துக்கோ பாசிப் படுகையின் நிழலுக்கோ போய்விடும். ஏரியில் மேலே வெதுவெதுப்பான நீரும் அடியில் குளிர்ந்த நீரும் தனித்தனி அடுக்காகப் பிரிந்து நிற்கும். அடியடுக்கில் ஆக்சிஜன் குறைந்துவிடுவதால், இரண்டும் சந்திக்கும் எல்லையை ஒட்டி மீன் தங்கும். அந்த எல்லை எத்தனை அடியில் இருக்கிறது என்று சோனார் திரையில் பார்த்து, அந்த ஆழத்துக்கு இறங்கும் தூண்டிலைப் போட வேண்டும். ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி 1932 ஜூன் 2-ஆம் தேதி பிடித்த பாஸின் எடைச் சாதனை எழுபத்தேழு ஆண்டுகள் அசையாமல் இருந்தது. 2009 ஜூலை 2-ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா 10.12 கிலோ பாஸ் ஒன்றைப் பிடித்து அதற்குச் சமமாக வந்தார். இரண்டுமே கோடை மாதத்து மீன்கள். அந்தக் கலையின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத மீனை ஊகித்துத் தேடுகிற வேலை.

தோமானிடம் ஊகத்துக்கு இடம் குறைவு. தண்ணீர் சூடேறினால் அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது, மீனின் உடம்புக்குத் தேவை கூடுகிறது. ஆக, வெயில் கொளுத்தும் நாளில் தோமான் அடிக்கடி மேலே வரும். மற்ற மீன்களை ஒளியவைக்கும் அதே உச்சி வெயில் தோமானை வெளியே காட்டிக் கொடுக்கிறது.

அதைப் பார்க்கும் விதம் இப்படி. போட்டை ஒரு குடாவின் நடுவுக்குக் கொண்டுவந்து எஞ்சினை அணைத்துவிட வேண்டும். பேச்சு வேண்டாம், பலகையில் காலைத் தட்டவும் வேண்டாம். ராட்டை மடியில் வைத்துக்கொண்டு தண்ணீரை மட்டும் பார்க்க வேண்டும், அதுவும் ஒரே புள்ளியில் கண்ணை ஊன்றாமல், குடா முழுவதும் ஓரப்பார்வையில் விழும்படி. காற்று இல்லாத முற்பகல் இதற்கு ஏற்ற நேரம். பிற்பகலில் காற்று எழுந்து தண்ணீர் சுருக்கம் விழுந்துவிட்டால் மூச்சு தெரியாது. அப்போது பழகினவர்கள் ராட்டைக் கீழே வைத்துவிட்டு, ஆற்றுவாய்ப் பக்கம் போய் செபராவ் மீனுக்கு ஸ்பூன் தூண்டில் வீசுவார்கள்.

மூச்சிலும் வகை உண்டு. சின்னத் தோமான் ‘டப்’பென்று வந்து போகும், துளி தெறிக்கும். பெரியது அப்படி வராது. முதலில் தண்ணீர் லேசாகப் புடைக்கும். பிறகு கறுத்த தலை ஒன்று அவசரமில்லாமல் எழுந்து, வாயைத் திறந்து காற்றை விழுங்கி, முதுகைக் காட்டிக்கொண்டே சரிந்து இறங்கும். அதன் பிறகு ஒரு பெரிய வளையமும் நாலைந்து குமிழிகளும் மிஞ்சும். கவனிக்க வேண்டியது வளையத்தை விட்டு அந்தக் குமிழிகளைத்தான். அவை எந்தப் பக்கம் நீண்டு வருகின்றனவோ அந்தப் பக்கமாக மீன் போகிறது. தலை எந்தத் திசை பார்த்து எழுந்தது, முதுகு எந்தப் பக்கம் சரிந்தது, குமிழி எங்கே போகிறது என்ற மூன்றையும் படித்து முடிக்க இரண்டு மூன்று விநாடிதான் கிடைக்கும். அதற்குள் வீசியாக வேண்டும். மீன் ஆழத்துக்கு இறங்கிவிட்டால் மேலே ஓடும் எந்தத் தூண்டிலையும் திரும்பிப் பார்க்காது.

புதிதாக வருகிறவர்கள் வளையத்தின் நடுவே வீசுவார்கள். தோமான் அங்கே இருக்காது. தலைமேல் விழுந்தால் மிரண்டும் போகும். கைதேர்ந்தவர் மீன் போகும் வழியில், அதைத் தாண்டி நாலைந்து அடிக்கு அப்பால் போட்டு, அதன் பாதையைக் குறுக்கே வெட்டும்படி இழுப்பார். வீச்சு தோளுக்கு மேலே போகாது. இடுப்பை ஒட்டிப் பக்கவாட்டில், தண்ணீருக்குச் சற்று மேலே தாழப் பறக்கும். விழுவதற்கு ஒரு கணம் முன்னால் கட்டைவிரல் ரீலின் நூலுருளையை வருடி வேகத்தைக் கொல்லும். கெவாங், அதாவது செயற்கை இரை, விழுகிற சத்தம் கேட்கக் கூடாது. இந்தக் கட்டைவிரல் வேலையைத்தான் நான் மணிக்கணக்கில் உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். எங்கள் பக்கத்து அண்ணன் ஒருவர் குனிந்து நிற்கும் மொட்டை மரத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் இருக்கும் ஒரு முழ இடைவெளிக்குள் கெவாங்கைச் செருகிவிடுவார். கை அசைந்ததே தெரியாது.

அந்தக் கெவாங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஜம்ப் ஃபிராக் என்பார்கள். மரத்திலோ ரெசினிலோ செய்த, கட்டைவிரல் நுனி அளவுள்ள உடம்பு. வயிறு உருண்டு, மூக்கு கூர்மையில்லாமல் சற்று மேல்நோக்கி இருக்கும், இழுக்கும்போது தண்ணீருக்குள் மூழ்காமல் ஏறி ஓடுவதற்காக. வயிற்றோடு சேர்ந்து இரட்டை முள், நுனிகள் மேல்நோக்கி, பாசியில் மாட்டாதபடி. பின்னால் ரப்பர் இழைகளில் இரண்டு கால்கள், அவற்றுக்கு நடுவே சுழலும் ஒரு சின்ன உலோகத் தகடு. உயிர் அந்தத் தகட்டில்தான். ஒரே சீராக இழுத்தால் அது நீர்மட்டத்தை அரைத்துக்கொண்டே வரும். நல்ல கைவினைஞர் செய்த ஜம்ப் ஃபிராக்கை விட்ட இடத்தில் நிமிர்ந்து மிதப்பதிலும், முதல் சுற்றிலேயே தகடு சுழல ஆரம்பிப்பதிலும் கண்டுபிடித்துவிடலாம். எடை ஒரு கிராம் பிசகினாலும் பின்பக்கம் அமிழ்ந்துவிடும். மலேசியாவிலும் தாய்லாந்திலும் கையால் செய்து, வண்ணம் தீட்டி, மேலே பளபளப்புப் பூசி விற்கிறார்கள். தொழிற்சாலை அச்சில் வார்த்தவற்றைவிட இவற்றையே நான் விரும்புகிறேன்.

இதைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்குத் தோட்டத்து அல்லூர்தான் நினைவுக்கு வரும். ரப்பர் மரம் இருந்த காலத்தில் எங்கள் பெரியவர்களிடம் ரீலும் இல்லை, கெவாங்கும் இல்லை. நீண்ட மூங்கில் கழி, கழி நீளத்துக்கே தங்கூஸ் நூல், முள்ளில் தவளைக்குஞ்சு. வெயில் நேரத்தில் கரையில் குந்தி, மிதக்கும் கியாம்பாங் செடிகளுக்கு இடையே உள்ளங்கை அகலம் தண்ணீர் தெரிகிற இடத்தில் அந்தத் தவளையைத் தொட்டுத் தொட்டு எடுப்பார்கள். கரை ஓரமாக ஓடி வரும் எங்களை, “சத்தம் போடாதீங்கடா, மூச்சுக்கு வருவான்” என்று அடக்குவார்கள். விரால் எழுந்து போன இடத்தை விட்டுவிட்டு, அது போகும் பக்கத்தில் இருக்கும் அடுத்த இடைவெளியில் தவளையை இறக்குவார்கள். கென்யிரில் நூறு ரிங்கிட் ராட்டும் ஆயிரம் ரிங்கிட் ரீலும் வைத்துச் செய்வதும் இதேதான். தூரம் மட்டுமே கூடியிருக்கிறது. டுரியான் துங்கால் அணை வற்றி மலாக்கா மாநிலமே தண்ணீருக்குத் தவித்த 1991-இல் அல்லூர்களும் காய்ந்தன. ஆனாலும் ஈரச் சேற்றைத் தோண்டினால் விரால் உயிரோடு கிடந்தது. அந்த மீனின் மூச்சைத் தெரிந்துகொண்டவர்களுக்கு அதில் வியப்பு இருக்கவில்லை.

மறுபடி ஏரிக்கு வருவோம். தோமான் கெவாங்கை அடிக்கும் அடியைக் காதால் கேட்க வேண்டும். தேங்காய் விழுந்த மாதிரி ஒரு முழக்கம், வெள்ளையாகத் தண்ணீர் கிளம்பும். அங்கேதான் பலர் தோற்பது. சத்தத்துக்கு ராட்டைத் தூக்கிவிடுவார்கள், கெவாங் வாயிலிருந்து பறந்து வந்துவிடும். சத்தத்தை விட்டுவிட்டு, நூலில் கனம் ஏறும்வரை இழுவையை நிறுத்தாமல் வர வேண்டும். கனம் தெரிந்ததும் ஒருமுறை அழுத்தமாக வெட்ட வேண்டும், ஏனென்றால் அதன் வாய் முழுக்க எலும்பு. பிறகு யோசிக்க நேரமில்லை. கொக்கி விழுந்த தோமான் முதலில் ஓடுவது மூழ்கிய மரத்துக்கு. அதனால் முன்னால் ஓடவிட்டுக் களைப்பாக்கும் பேச்சு இங்கே செல்லாது. 40, 50 பவுண்டு பின்னல் நூலும் பல்லுக்குத் தாங்கும் தடித்த லீடரும் கட்டி, ரீலை இறுக்கி, முதல் பத்து விநாடிக்குள் அதன் தலையைத் திருப்பியாக வேண்டும். திருப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தோமான் பிடிக்க இன்னொரு வழியும் இருக்கிறது, அதைக் கலை என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. தோமான் குஞ்சுகள் செந்நிறமாக, நூற்றுக்கணக்கில் ஒரே திரளாகச் சேர்ந்து திரியும். அவற்றுக்கும் காற்று வேண்டும் என்பதால் எல்லாம் சேர்ந்து மேலே வந்து கொப்புளிக்கும், தூறல் விழுவதுபோல் தெரியும். அதன் அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும். அந்தத் திரளின் மேல் கெவாங்கை இழுத்தால், குஞ்சைக் காப்பாற்றுவதற்காகப் பெற்றது வந்து அடிக்கும். பசியால் அடிக்கவில்லை, ஏமாந்தும் அடிக்கவில்லை. அங்கே படிக்க வேண்டிய திசையும் இல்லை, அளக்க வேண்டிய தூரமும் இல்லை. காவல் போன சற்று நேரத்தில் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்ன ஆரம்பித்துவிடும். ஒரு பெரிய மீனின் படத்துக்காக ஒரு தலைமுறையே போகிறது. செந்திரளைக் கண்டால் போட்டைத் திருப்பச் சொல்லும் போட்மேன்கள் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிப்பிடித்துப் போகச் சொல்வேன்.

பீக்கொக் பாஸ் பற்றியும் சொல்லிவிட வேண்டும், இன்று இளைஞர்கள் பலர் அதன் பின்னால்தான் ஓடுகிறார்கள். அமேசான் படுகையைச் சேர்ந்த அந்த மீனை இங்கே யாரோ கொண்டுவந்து விட்டார்கள், பழைய ஈய லொம்போங்குகளில், அதாவது சுரங்கக் குட்டைகளில், பெருகிவிட்டது. மஞ்சள் உடம்பும் வாலில் கண் போன்ற புள்ளியும் அழகுதான், வெளிச்சத்தில் துணிந்து பாய்ந்து அடிக்கும். ஆனால் பனாமாவின் கட்டூன் ஏரியில் இது புகுந்து உள்ளூர் மீன்களைத் துடைத்தெடுத்ததை ஸரெட், பெய்ன் என்ற இரண்டு அறிஞர்கள் 1973-இலேயே எழுதிவிட்டார்கள். பிடித்தால் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பொரித்துச் சாப்பிடுங்கள். திரும்ப விட வேண்டாம், வேறு குளத்துக்குத் தூக்கிப்போய் விடவே வேண்டாம்.

தோமானை விடலாம். பெரிய தோமானை விடத்தான் வேண்டும், முட்டையிடுவது அதுதான். வெயிலில் காய்ந்த பலகையில் போட்டால் உடம்பின் வழவழப்பு ஒட்டிக்கொண்டு உரிந்துவிடும், ஆகவே முதலில் பலகையில் தண்ணீரை ஊற்றுங்கள், கையையும் நனைத்துக்கொள்ளுங்கள். தாடையை மட்டும் பிடித்துத் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழே இன்னொரு கையைக் கொடுங்கள். தண்ணீரில் இறக்கும்போது வாய் நீர்மட்டத்துக்கு வரும்படி நிமிர்த்திப் பிடித்தால் ஒரு மூச்சு வாங்கிக்கொள்ளும், பிறகு தானாகக் கையை உதறிவிட்டுப் போகும். ஜெட்டியில் ஏறுவதற்கு முன்பே, முள்ளில் பின்னோக்கி நிற்கும் சின்ன முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் கழற்றுவது இன்னும் சுலபம். நூலைத் தளரவிடாத கைக்கு அந்த முனை தேவைப்படாது.