தாயினும் மூத்த சேயா?

தாயினும் மூத்த சேய் உண்டா? உண்டென்று முழங்கின, 2013-இல் சில செய்தித் தலைப்புகள். துலாம் விண்மீன் குழுவில், ஏறத்தாழ 200 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள எச்.டி. 140283, நமது பால்வழி மண்டலத்தின் மிகப் பழைய விண்மீன்களுள் ஒன்று. அது அண்டத்தினும் அகவையில் மூத்ததாம்! விவிலியம் கூறும் 969 ஆண்டுக் கிழவர் மெத்தூசலாவின் பெயரையும் அதற்குச் சூட்டி மகிழ்ந்தனர்.

அத்தலைப்புகளை நாம் ஏற்பதற்கில்லை. ஹப்பிள் தொலைநோக்கியின் துணையால் ஆராய்ந்த ஹோவர்டு பாண்ட் குழுவினர் அதன் அகவை 1446 கோடி ஆண்டு என்றனர்; அதில் 80 கோடி ஆண்டு கூடலாம், குறையலாம் என்பதையும் சேர்த்தே சொன்னார்கள். 80 கோடியைக் கழித்தால் 1366 கோடி. அண்டத்தின் அகவையோ ஏறத்தாழ 1380 கோடி. முரண் எங்கே? வியப்பை வைத்துக்கொண்டு பிழையெல்லையை வெட்டியெறிந்தது இதழாளர் கை!

விண்மீனின் முதுமைக்குச் சான்று இரும்பு. முன்தோன்றிய விண்மீன்களில் விளைந்து பரவிய பொருள் அது. கதிரவனில் உள்ள இரும்பில் 250-இல் ஒரு பங்களவே இதில் உண்டு. 2021-இல் வந்த கணிப்பொன்று இதன் அகவையை 1200 கோடியளவுக்குக் குறைத்தது. அறிவியலுக்கு இது இழுக்கா? தன் பிழையைத் தானே அளந்து, தானே திருத்துவதன்றோ அதன் பெருமை! எண்ணைப் படிக்கும் நாம், எல்லையையும் படிப்போம்.