வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள்

29 வயதில் மூன்று கூட்டாளிகளோடு சேர்ந்து செய்த ஓர் ஆல்பத்தை, 80 வயதில் தன் பெயரில் மறுபடி செய்து 2023 அக்டோபரில் வெளியிட்டார் ரோஜர் வாட்டர்ஸ். மூல ஆல்பம் அவர் அப்போது இருந்த பிங்க் ஃப்ளாய்ட் ராக் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. 1973 மார்ச்சில் வெளிவந்து, 1988 வரைக்கும் அமெரிக்க பில்போர்டு பட்டியலில் மொத்தம் 741 வாரங்கள் இருந்த ஆல்பம். 'ரீடக்ஸ்' என்ற பின்னொட்டோடு வந்த புதிய வடிவத்தில் டேவிட் கில்மரின் கிட்டார் இல்லை, ரிச்சர்ட் ரைட்டின் கீபோர்டு இல்லை, நிக் மேசனின் டிரம்ஸ் இல்லை. பாட்டுக்கும் பேச்சுக்கும் நடுவே முணுமுணுக்கிற ஒரு முதிய குரல் இருக்கிறது. அதன் கீழே ஆர்கனும் தந்தி வாத்தியங்களும் மெல்ல நகர்கின்றன.

ரீடக்ஸைவிட அதற்கு முன்கூட்டியே வந்த விளக்கம்தான் விவாதத்துக்குரியது. 2023 பிப்ரவரியில் பிரிட்டிஷ் நாளிதழ் ஒன்றிடம் வாட்டர்ஸ், டார்க் சைடை எழுதியவர் தாம்தான், 'நாங்கள்' என்கிற பேச்சை விட்டுவிடலாம் என்றார். நான்கு பேரும் பங்களித்தார்கள் என்று அதே மூச்சில் ஒப்புக்கொண்டாலும், திட்டம் தம்முடையது என்பதில் அவருக்கு ஐயமில்லை. ராக் ரசிகர்களில் ஒரு பெருங்கூட்டம் நெடுங்காலமாக நம்புவதும் இதைத்தான்: குழு என்பது வெறும் ஏணி, ஏறி முடித்ததும் மேதை தனியே நிற்பான், அப்போதுதான் அவனுடைய உயரம் தெரியும். ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இந்த நம்பிக்கைக்கு முத்திரையே குத்தியிருக்கிறது. பீட்டில்ஸ் நால்வரையும் குழுவாகச் சேர்த்த பிறகு தனித்தனியாகவும் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டது. எரிக் கிளாப்டனுக்கு அங்கே மூன்று இடம்: யார்ட்பேர்ட்ஸ், கிரீம், பிறகு வெறும் கிளாப்டன்.

வாட்டர்ஸுக்கு உரியதை முதலில் கொடுத்துவிடலாம். டார்க் சைடின் பாடல் வரிகள் முழுக்க அவருடையவை. காலம், பணம், பைத்தியம், சாவு என்று ஆல்பத்தை ஒரே இழையில் கோத்ததும் அவர்தான். அட்டைகளில் கேள்விகளை எழுதி, ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அகப்பட்டவர்களிடமெல்லாம் நீட்டி, பதில்களைப் பதிவுசெய்து பாட்டுகளுக்கு நடுவே செருகியது அவருடைய யோசனை. பால் மெக்கார்ட்னியும் பதில் சொன்னார். அது நடிப்பாகத் தெரிந்ததால் தூக்கிவிட்டு, கூடத்தின் வாயிற்காவலர் சொன்னதை ஆல்பத்தின் கடைசியில் வைத்தார்கள். இப்படிப்பட்ட காது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

குழு ஒருவரை நசுக்கும் என்பதும் உண்மை. பீட்டில்ஸில் லெனன்–மெக்கார்ட்னி நிழலில் ஜார்ஜ் ஹாரிசனுக்கு ஓர் ஆல்பத்தில் ஒன்றிரண்டு பாட்டுக்கு மேல் இடம் கிடைப்பது அபூர்வம். 1969 ஜனவரியில் குழுவோடு ஒத்திகை பார்த்தும் ஏறாமல் போன ஒரு பாட்டின் பெயரைத்தான் அவர் 1970இல் தம்முடைய மூன்று தட்டு ஆல்பத்துக்குச் சூட்டினார்: 'ஆல் திங்ஸ் மஸ்ட் பாஸ்'. தனி ஆல்பக் கட்சிக்காரர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது. ஜெனிசிஸ் குழுவை விட்டு வந்த பீட்டர் கேப்ரியலையும் அவர்கள் கூப்பிடலாம். கூப்பிடட்டும்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் ஒரு தவறான அளவுகோலில் போடப்படுகிறது. தனியே வந்தால் கலைஞனுக்கு என்ன கிடைக்கிறது என்று மட்டுமே பார்க்கிறார்கள்: நேரம், சுதந்திரம், உறையில் பெயர். அவன் எதை இழக்கிறான் என்று கேட்பதில்லை. 'இது வேண்டாம், நன்றாக இல்லை' என்று சொல்ல உரிமையுள்ள ஓர் ஆளை இழக்கிறான்.

நம்முடைய கச்சேரி மேடையில் பாடகர் யார், பக்கவாத்தியம் யார் என்பதில் குழப்பமில்லை. ராக் பேண்ட் அந்த ஒழுங்கில் அமைந்தது அல்ல. அங்கே டிரம்ஸ்காரரும் பங்குதாரர். மெட்டு பிடிக்காவிட்டால் அவர் குச்சியைக் கீழே வைக்கலாம், வாக்கெடுப்பு கேட்கலாம், மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளலாம். தனி ஆல்பத்துக்கு வாசிக்க வருகிறவர் எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் கூலிக்கு வந்தவர். அவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். சொன்னால் ஒருமுறைதான் சொல்வார்.

டார்க் சைடின் உறையையே எடுத்துப் பார்க்கலாம். மொத்தம் பத்துப் பகுதிகள். இசைக்கு வாட்டர்ஸ் பெயர் மட்டும் இருப்பவை மூன்று. அவர் பெயரே இல்லாதவையும் மூன்று. 'அஸ் அண்ட் தெம்' பாட்டின் மெட்டு, அன்டோனியோனியின் 'சப்ரிஸ்கி பாயிண்ட்' படத்துக்காக ரைட் பியானோவில் செய்து, இயக்குநர் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. 'மணி' வாட்டர்ஸின் பாட்டு, ஏழு தட்டில் நொண்டுகிற தாளம். கில்மரின் கிட்டார் நுழையும் இடத்தில் அது நாலு தட்டுக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தில்தான் பாட்டுக்கு இறக்கை முளைக்கிறது. கடைசியில் மிக்ஸிங்கில் சண்டை வந்தது. ஒலி வறட்சியாகவும் துல்லியமாகவும் இருக்கட்டும் என்று வாட்டர்ஸும் மேசனும், எதிரொலியும் ஈரமும் வேண்டும் என்று கில்மரும் ரைட்டும் நின்றார்கள். பஞ்சாயத்துக்கு வெளியிலிருந்து தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸை அழைத்து வரவேண்டியிருந்தது. உலகம் கேட்டுக்கொண்டிருப்பது அந்தப் பஞ்சாயத்தின் தீர்ப்பை. ரீடக்ஸில் இருப்பது ஒரு தரப்பின் மனு.

இதைவிடத் தெளிவான சோதனை 1978இல் நடந்தது. யாரும் சோதனை என்று நினைத்துச் செய்யவில்லை. வாட்டர்ஸ் இரண்டு டெமோக்களைக் கொண்டுவந்து குழுவின் முன் வைத்தார்: இரண்டும் அவர் எழுதியவை, இரண்டும் முழு ஆல்பத்துக்கான கதைகள். குழு ஒன்றை எடுத்துக்கொண்டது, மற்றதை ஒதுக்கியது. எடுத்தது 1979இல் 'தி வால்' ஆனது. ஒதுக்கியதை வாட்டர்ஸ் விடவில்லை. 1984இல் தன் பெயரில் 'தி ப்ரோஸ் அண்ட் கான்ஸ் ஆஃப் ஹிட்ச் ஹைக்கிங்' என்று வெளியிட்டார். விடியற்காலை 4:30 முதல் 5:11 வரை ஒரு மனிதனின் அரைத்தூக்கக் கனவு. ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் கடிகார நேரம் உண்டு. ஒரே கை, ஒரே காலம், ஒரே மூளை. ஒன்றை இன்றும் பள்ளிப் பிள்ளைகள் பாடுகிறார்கள். மற்றதைக் கேட்டு முடிப்பதற்கு வாட்டர்ஸ் மீது தனி விசுவாசம் வேண்டும்.

ஆள் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. அந்த ஆல்பத்தில் கிட்டார் வாசித்தவர் எரிக் கிளாப்டன்! சொன்ன இடத்தில், சொன்ன அளவு, கச்சிதமாக வாசித்திருக்கிறார். கில்மர் சொன்ன இடத்தில் வாசித்தவர் அல்ல. 'தி வால்' ஆல்பத்தின் 'கம்ஃபர்டபிளி நம்' பாட்டுக்கு மெட்டு கில்மருடையது, வரிகள் வாட்டர்ஸுடையவை. எப்படி ஒலிக்கவேண்டும் என்பதில் இருவரும் கட்டிப்புரளாத குறைதான். ஒருவருக்கு மைக்கேல் கேமனின் ஆர்கெஸ்ட்ரா வேண்டும், மற்றவருக்கு முரட்டு ராக் ஒலி வேண்டும். பாதிக்குப் பாதி என்று சமரசம் ஆனது: பாட்டின் உடல் ஆர்கெஸ்ட்ராவோடு, முடிவில் வரும் நீண்ட கிட்டார் கில்மர் கேட்ட முரட்டுத்தனத்தோடு. 2022இல் அந்தப் பாட்டையும் வாட்டர்ஸ் தனியே மறுபதிவு செய்தார். கிட்டார் தனி வாசிப்பு அதில் இல்லை. 40 ஆண்டுக்குப் பிறகு வழக்கில் ஜெயித்துவிட்டார், எதிர்த்தரப்பு ஆஜராகாததால்.

வாட்டர்ஸ் குழுவுக்குள் இருந்தபோதே குழு செத்துக்கொண்டிருந்ததை ரைட்டின் கதை காட்டும். 'தி வால்' பதிவின்போது அவர் வெளியேற்றப்பட்டார். 1980–81 மேடைகளில் சம்பளத்துக்கு வாசித்தார். நிகழ்ச்சிகளின் நஷ்டத்தை மற்ற மூவரும் சுமக்க, கையில் காசு பார்த்தவர் அவர் ஒருவர்தான் என்பது வேடிக்கை. பங்குதாரர் கூலியாள் ஆன பிறகு என்ன மிச்சம்? 1983இல் வந்த 'தி ஃபைனல் கட்' ஆல்பத்தில் ரைட் இல்லை. எழுதியவர் ரோஜர் வாட்டர்ஸ், நிகழ்த்தியது பிங்க் ஃப்ளாய்ட் என்று உறையே பிரித்துச் சொல்கிறது. தந்தையைப் போரில் பறிகொடுத்த மகனின் கோபம் அதில் நிஜம். ஆனால் ஒரே ஆள் ஒரே குரலில் நாற்பது நிமிடத்துக்கு மேல் கோபப்படும்போது, கேட்பவனுக்குக் கோபம் வருவதில்லை, களைப்பு வருகிறது. அந்தக் களைப்பை அறைக்குள்ளேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

எதிர்த்தரப்பு ஒன்று கேட்கும்: அப்படியானால் வாட்டர்ஸ் குழுவை விட்டுப் போன பிறகு கில்மர் ஜொலித்தாரா? இல்லை. 1987இல் பிங்க் ஃப்ளாய்ட் பெயரில் வந்த 'எ மொமென்டரி லேப்ஸ் ஆஃப் ரீசன்' ஏறக்குறைய கில்மரின் தனி ஆல்பம்தான். ரைட் மறுபடியும் சம்பளக்காரர், மேசன் இருக்கையில் பல இடங்களில் வேறு டிரம்ஸ்காரர்கள். அரங்குகள் நிரம்பின, தட்டுகள் விற்றன. ஆனால் கில்மரின் இனிமையைக் குறுக்கே வெட்டுகிற அந்தக் கசப்பான நாக்கு இல்லாமல் பாட்டுகள் மெழுகுச் சிலைபோல நிற்கின்றன. பிரிந்த இருவரும் ஒரே நோயில் படுத்தார்கள்.

பாடகரின் குரலே எல்லாம் என்று வாதிடுபவர்களுக்கு ஃப்ரெடி மெர்க்குரி இருக்கிறார். குவீன் பாடகரான அவர் 1985இல் 'மிஸ்டர் பேட் கை' என்ற தனி ஆல்பம் வெளியிட்டார். அவர் 1991இல் இறந்த பிறகு, மற்ற மூவரும் அந்த ஆல்பத்தின் இரண்டு பாட்டுகளில் குரலை மட்டும் வைத்துக்கொண்டு, அடியில் தங்கள் கிட்டாரையும் பேஸையும் டிரம்ஸையும் போட்டு 1995இல் 'மேட் இன் ஹெவன்' ஆல்பத்தில் சேர்த்தார்கள். அதே மனிதர், அதே மூச்சு. 1985 வடிவத்தில் சிந்தசைசரின் மேல் சறுக்கிப்போகிற குரல், 1995 வடிவத்தில் பிரையன் மேயின் கிட்டாரோடு மல்லுக்கட்டுகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் போதும். மெர்க்குரியின் தனிப்பாட்டு ஒன்று 1993இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்ததே என்பார்கள். பிடித்தது, உண்மை. அதுவும் வேறொருவர் கையால் மாற்றியமைக்கப்பட்ட ரீமிக்ஸ்தான்.

ஹாரிசனும் தப்பவில்லை. அவருடைய தனி ஆல்பத்தின் ஆகப் பெரிய வெற்றி 'மை ஸ்வீட் லார்ட்'. ஷிஃபான்ஸ் என்ற பெண் குழு 1963இல் பாடிய 'ஹீஸ் ஸோ ஃபைன்' மெட்டை அது அறியாமலே நகலெடுத்தது என்று 1976இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவுக் கூடத்தில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தயாரிப்பாளர்களில் ஒருவரான ஃபில் ஸ்பெக்டர் அந்தப் பெண் குழுப் பாட்டுகளின் காலத்தையே உருவாக்கியவர்களில் ஒருவர். 'ஜார்ஜ், இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே' என்று ஒரு வாய்கூடத் தடுத்து நிறுத்தவில்லை. பீட்டில்ஸ் காலத்தில் ஹாரிசனை வாட்டிய அதே லெனனும் மெக்கார்ட்னியும் அன்று அறையில் இருந்திருந்தால், அந்த வாக்கியம் கேலியோடு சேர்ந்து அரை நிமிடத்தில் வந்திருக்கும்.

நல்ல தயாரிப்பாளர் ஒருவர் இந்த வேலையைச் செய்யலாமே? அபூர்வமாகச் செய்கிறார்கள். 2005இல் மெக்கார்ட்னியின் 'கேயாஸ் அண்ட் கிரியேஷன் இன் தி பேக்யார்ட்' ஆல்பத்தை எடுத்த நைஜல் கோட்ரிச், அவருடைய சுற்றுப்பயணக் குழுவை ஒதுக்கிவைத்து, சில பாட்டுகளை நேருக்கு நேர் வேண்டாம் என்றார். மெக்கார்ட்னிக்குக் கோபம் வந்ததை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெரும்பாலான வாத்தியங்களை அவரே வாசித்த அந்த ஆல்பம்தான் அவருடைய பிற்காலத்தின் ஆகச் சிறந்தவற்றில் ஒன்று. இதைத் தனி ஆளின் வெற்றி என்று எண்ணிக்கொள்வது வசதியாக இருக்கும். அங்கே இருந்தவர்கள் இரண்டு பேர்.

வாட்டர்ஸின் 1992 ஆல்பமான 'அம்யூஸ்ட் டு டெத்' தனி ஆல்பங்களில் மேலானது என்பதை மறுக்கத் தேவையில்லை. ஜெஃப் பெக்கின் கிட்டார் பேசுகிற இடங்களில் அது மூச்சுவிடுகிறது. பெக் வாய் மூடும்போது, மறுபடியும் பிரசங்கம்.

ரீடக்ஸில் அந்தப் பிரசங்கம் போய்ச் சேர்ந்த இடம் 'தி கிரேட் கிக் இன் தி ஸ்கை'. 1973இல் ரைட்டின் பியானோவுக்கு மேலே பாட கிளேர் டோரி என்ற பாடகியை ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தார்கள். வார்த்தை எதுவும் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள். அவர் அழுகையும் அலறலும் கெஞ்சலுமாகச் சில தடவை பாடிவிட்டு, இதை எடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்ற நினைப்போடு 30 பவுண்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். 2005இல், வழக்குத் தொடுத்த பிறகு, இணை ஆசிரியர் என்ற உரிமை அவருக்குக் கிடைத்தது. சாவைப் பற்றி வாட்டர்ஸ் ஒரு வரிகூட எழுதாத பாட்டு அது. 50 ஆண்டு கழித்து அந்தக் குரலை எடுத்துவிட்டு, அதே இடத்தில் அவர் உட்கார்ந்து, கவிஞர் டொனால்ட் ஹாலின் கடைசி நாட்களைப் பற்றிய கடிதங்களை வாசித்துக்கொண்டிருக்கிறார்.