வீசப்பட்ட மகளும் உயிர்நீரும்

மன்னன் ஒருவனுக்கு மகளிர் அறுவர். ஏழாவது பிள்ளையாவது ஆணாக இருக்காதா என ஏங்கினான், பிறந்ததோ பெண்! பெட்டியிலிட்டு நீரில் விட்டுவிடுங்கள் என்று ஆணை பிறந்தது. ஆணையிட்டவன் மாற்றானல்லன், பெற்ற தகப்பன்!

கொரிய நாட்டுப் பழங்கதை இது. வீசப்பட்ட அந்தக் குழந்தையின் பெயர் பாரி. பறம்புமலை வள்ளலை அவ்வொலி நினைவூட்டினும் இரண்டிற்கும் உறவு ஏதுமில்லை. 'எறியப்பட்டவள்' என்றே கொரிய மொழியில் அதற்குப் பொருள் கூறுவர். முதியோர் இருவர் அவளை எடுத்து வளர்க்கின்றனர். ஆண்டுகள் செல்கின்றன, அரசன் நோயில் வீழ்கிறான். மறு உலகத்து உயிர்நீர் வந்தாலன்றிப் பிழையான் என்கின்றனர். அரண்மனைச் சுகத்தில் வளர்ந்த அறுவரும் போக மறுக்கின்றனர். எறியப்பட்டவளைத் தேடிப்பிடித்துக் கேட்கின்றனர், அவள் போகிறாள்! உயிர்நீரின் காவலனுக்கு ஒன்பது ஆண்டுகள் நீர் இறைத்து, நெருப்பு மூட்டி, விறகு வெட்டி, ஏழு ஆண்மக்களையும் பெற்றுத்தந்து, நீரோடு மீள்கிறாள். அதற்குள் இறந்துபோன தந்தையை எழுப்புகிறாள். பாதி நாடு பரிசு என்கிறான் மன்னன். வேண்டாமென மறுத்து, இறந்தோர்க்கு வழிகாட்டும் தெய்வமாகிறாள். கதைக்கு வடிவங்கள் பல, சாரம் இதுவே.

மறு உலகம் ஏது, மாண்டவர் மீள்வதேது என்று கேட்டுப் பகுத்தறிவாளர் இக்கதையைத் தள்ளிவிடலாம். கேள்வி நேர்மையானதே. ஆயினும் அதற்கு அப்பாலும் ஒரு கேள்வி நிற்கிறது. தாயகத்துக்கு வெளியே வாழும் கொரியர் இன்று ஏறத்தாழ 70 இலட்சம். அமெரிக்காவிலே, ஐரோப்பாவிலே வளர்ந்து, தாய்மொழியையே மறந்துபோன எழுத்தாளர் சிலரும் இந்தப் பாரியைத் தேடிப்போகிறார்களே, ஏன்? பழமைப் பித்தா? அல்லது பழமையிடம் கணக்குக் கேட்கும் முயற்சியா?

விடை காண, கதையை வளர்த்தவர் யாரென்று முதலில் பார்க்கவேண்டும். இறந்தோர்க்கான சடங்கிலே சாமியாடிப் பெண்கள் பாடிக் காத்த கதை இது. 1392 முதல் 1910 வரை அங்கே ஆண்ட சோசன் மரபினர் கன்பூசிய நெறியினர்; சாமியாடிகளைச் சமுதாயத்தின் கடைப்படியில் வைத்திருந்தனர். ஆகவே கதைக்கு இரண்டு முகங்கள். தாழ்த்தப்பட்ட பெண்ணின் விம்மல் ஒருமுகம். எறிந்தவனுக்கே ஏவல் செய்வதுதான் மகளின் மாண்பு என்னும் போதனை மறுமுகம். முன்னதை இரக்கத்தோடு கேட்கலாம். பின்னதை ஏற்க முடியுமா?

மடமையை ஒழிக்கிறோம் என்று அந்நாட்டு அரசும் ஒருகால் புறப்பட்டது. 1970களில், பார்க் சுங்-ஹீயின் ஆட்சியில், மூடநம்பிக்கை ஒழிப்பு என்ற பெயரால் சிற்றூர்க் கோயில்கள் இடிக்கப்பட்டன, சாமியாடிகள் விரட்டப்பட்டனர். ஆகா, பகுத்தறிவு ஆட்சி என்று கைதட்டலாமா? பொறுங்கள்! குடும்பத்துக்கு ஆண் ஒருவனே தலைவன் என்று பதிவேட்டில் எழுதிவைத்த 'ஹோஜு' முறையை அதே அரசு தொடவில்லை. அம்முறை ஒழிந்தது 2008ஆம் ஆண்டில்தான். அதுவும் பெண்கள் நெடுங்காலம் போராடி, 2005இல் அரசியல் சட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பைப் பெற்ற பின்னர். கருவிலேயே பெண்ணைக் கண்டறியும் கருவி வந்ததும் நேர்ந்தது என்ன? 1990இல் 100 பெண்குழந்தைகளுக்கு 116க்கும் மேற்பட்ட ஆண்குழந்தைகள் பிறந்தன! அவ்விகிதம் பின்னரே இயல்புக்குத் திரும்பிற்று. கோயிலை இடித்தவர்கள் கதையில் வரும் மன்னனின் ஆசையை இடிக்கவில்லை. மூடநம்பிக்கை பலிபீடத்தில் மட்டுமா குடியிருக்கிறது? குடும்பப் பதிவேட்டிலும் அது வாழும். இதை உணர்ந்தவர்களே பாரியைப் புதிதாக எழுதப் புகுந்தார்கள்.

அவர்களுள் ஒருவர் நோரா ஓக்ஜா கெல்லர். சியோலில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர். சப்பானியப் படையினர் கொரியப் பெண்களைப் பாலியல் அடிமைகளாக்கி, 'ஆறுதல் மகளிர்' என்று அழகுப் பெயரும் சூட்டியதை உலகறியும். அரைநூற்றாண்டு மௌனத்தை உடைத்து, 1991 ஆகஸ்டு 14ஆம் நாள் கிம் ஹாக்-சுன் என்னும் மூதாட்டி தன் பெயரும் முகமும் காட்டிப் பேசினார். அவ்வாறு பாதிக்கப்பட்ட ஒருவரின் சாட்சியத்தை 1993இல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் கேட்டார் கெல்லர். 1997இல் 'கம்ஃபர்ட் உமன்' என்னும் புதினம் பிறந்தது.

அதன் நாயகி சூன் ஹ்யோ. தன் திருமணச் சீதனத்துக்காக அவளை விற்றவள் மூத்த அக்காள்! முகாமிலே ஒருத்தி தன் தாய்மொழியில் தன் உண்மைப் பெயரைக் கூவினாள், கொல்லப்பட்டாள். அவளது இடமும், அவளுக்குச் சூட்டப்பட்டிருந்த ஆகிகோ என்ற சப்பானியப் பெயரும் சூன் ஹ்யோவுக்கு வந்தன. பெயருக்குப் பின்னே ஓர் எண் வேறு! பிறகு அமெரிக்கப் பாதிரியாரை மணந்து கடல் கடக்கிறாள். கணவன் மறைந்தபின் ஹவாயில் ஆவிகளோடு பேசுபவளாகிறாள். அதையும் காசாக்க ஒருத்தி துணைநிற்கிறாள். மகள் பெக்காவுக்கோ தாய் பித்துப் பிடித்தவளாகவே தோன்றுகிறாள். தாய் இறந்தபின் கிடைத்த ஒலிநாடா வழியாகத்தான் உண்மை தெரிகிறது.

மகளுக்குத் தாய் சொல்லிவந்த கதைகளுள் பாரியின் கதையும் ஒன்று. ஆனால் கெல்லர் அதைத் திருப்பிப் போடுகிறார். இங்கே மகள் மீட்க முயல்வது முடிமன்னனை அன்று; நாடும் வீடும் கைவிட்ட தாயை. உயிர்நீராக வருவது உண்மை. தன் உண்மைப் பெயரை மகள் அறியும்போதுதான் தாய் எழுகிறாள். உடல் எழவில்லை, மானம் எழுகிறது. அன்னியனை மட்டும் குற்றவாளியாக்காமல், விற்ற அக்காளையும் மணந்த பாதிரியாரையும் ஒரே கூண்டில் நிறுத்திய துணிவு போற்றத்தக்கது.

குறை இல்லையா? உண்டு. ஆவியுலகப் புகை சில பக்கங்களில் அடர்ந்துவிடுகிறது. கட்டளையிட்டவன், கப்பல் ஏற்றியவன், காசு பெற்றவன் என்று ஆட்கள் இருந்த குற்றம் இது. அதைப் பேயாட்டமாக மட்டும் கண்டு, கீழ்த்திசை விந்தை என வியந்து நகரும் மேல்நாட்டு வாசகனுக்கு அப்புகை வசதியாகிவிடும்.

ஹுவாங் சோக்-யோங்கின் 'பாரிதேகி' 2007இல் வந்தது. ஹுவாங், வடகொரியா சென்று வந்த குற்றத்திற்காக 1993 முதல் 1998 வரை தென்கொரியச் சிறையில் கிடந்தவர். அவருடைய பாரி வடகொரியச் சிறுமி. ஏழாவது பெண்ணாகப் பிறந்து எறியப்பட்டவள். 1990களின் பஞ்சத்தில் குடும்பம் சிதற, சீனம் சென்று, கள்ளக்கப்பலில் இலண்டன் சேர்கிறாள். பிறர் பாதங்களைப் பிடித்துவிட்டுப் பிழைக்கிறாள். பாகிஸ்தானிய வழிவந்த அலியை மணக்கிறாள். ஊரற்றவர்கள் ஒருவர் துயரை ஒருவர் தாங்கும் அப்பகுதிகள் நெஞ்சை உருக்குகின்றன. ஆனால் உலகத்தின் பழி அத்தனைக்கும் இந்த ஒருத்தியே ஆறுதல் கூறவேண்டியிருக்கிறது! குழந்தையைப் பறிகொடுத்தவளே மன்னிக்கவும் வேண்டுமாம். மன்னனுக்கு நீர் சுமந்த பழைய பாரி, உலகுக்கு மன்னிப்பைச் சுமக்கிறாள். சுமை மாறியது, சுமப்பவள் மாறவில்லை.

கதையின் மன்னன் மெய்யுலகில் எங்கே இருக்கிறான்? கொரியப் போருக்குப் பின் அயல்நாடுகளுக்குத் தத்து அனுப்பப்பட்ட குழந்தைகள் சுமார் 2 இலட்சம்; 1985 என்னும் ஒரே ஆண்டில் 8,800க்கும் மேல். பெட்டிக்குப் பதில் விமானம். ஆணைக்குப் பதில் கோப்பு! பெற்றோர் உயிரோடிருக்க, 'அனாதை' என்று பதிவான பிள்ளைகள் பலர். அப்படி மின்னசோட்டாவுக்கு அனுப்பப்பட்ட ஜேன் ஜியோங் டிரெங்கா, 2003இல் 'தி லாங்வேஜ் ஆஃப் பிளட்' என்னும் தன்வரலாறு எழுதினார்; எழுதியதோடு நில்லாமல் சியோலுக்குத் திரும்பித் தோழர்களைத் திரட்டிப் போராடினார். 2011இல் தத்துச் சட்டம் திருத்தப்பட்டு, நீதிமன்ற ஒப்புதல் கட்டாயமாயிற்று. 2025 மார்ச்சில் அந்நாட்டு உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையமே, ஆவணங்கள் பொய்யாக்கப்பட்டதையும் அரசு கடமை தவறியதையும் எடுத்துக்காட்டி, மன்னிப்புக் கோரப் பரிந்துரைத்தது.

டென்மார்க்கில் தத்துப் பிள்ளையாக வளர்ந்த ஜேன் ஜின் கைசன், 2019இல் வெனிஸ் கலைக்காட்சியில் பாரியை மையமாக வைத்து ஒரு படம் காட்டினார். அவரை ஈர்த்தது பாரியின் பணிவன்று. பாதி நாட்டை வேண்டாமென்ற மறுப்பு. எறிந்த அரண்மனைக்குள் மீண்டும் நுழைந்து அடங்கமாட்டேன் என்னும் அம்மறுப்பே இக்கதையில் காலத்தைக் கடந்து நிற்கும் பகுதி.

பழைய கதையின் பல வடிவங்களில் ஒரு செய்தி வருகிறது. உயிர்நீர் எங்கே என்று இறுதியில் பாரி கேட்க, காவலன் கூறுகிறான்: நீ நாள்தோறும் இறைத்த அந்த நீர்தான்! அற்புதம் என்று தேடியது, அவள் உழைப்பில் அன்றாடம் கையில் இருந்தது. சாமியாடிப் பெண்கள், தம்மை இகழ்ந்த உலகின் நடுவே, இந்த உண்மையைக் கதைக்குள் பொதிந்து வைத்தார்கள்.

இளைஞர்களே! புராணம் கையாளும் புதிய இலக்கியத்தை எடைபோட எளிய படிக்கல் ஒன்று உண்டு. உயிர்நீர் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். எறிந்தவனுக்கே அது மீண்டும் போகுமானால், மொழி எத்தனை புதிதாயினும் அது பழைய புராணம். எறியப்பட்டவளின் தாகத்தைத் தணிக்குமானால், கதை எத்தனை பழையதாயினும் அது புதிய இலக்கியம்.